எங்கள் கேற்றில் தொங்கும் இத்தாலிப் பெயர்

என் அன்புக்கும் ஓயாத வாக்குவாதத்துக்கும் உரிய மாமா,

பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரியவிட்டு, கீழே ‘ஆறாத்துயரில் வாடும்’ என்று ஒரு வரி எழுதினால் முதலாம் ஆண்டு நினைவு முடிந்தது. உங்கள் மகள் மெட்டில்டாவும் அதைத்தான் செய்யச் சொன்னாள். ஆனால் ஆறாத்துயரில் வாடுகிற ஆட்களாக நாங்கள் இப்போது இல்லை, மாமா. உங்கள் வீட்டில் விடிந்தால் பொழுதுபட்டால் ஒரே கூத்து. பொய் எழுத மனம் வரவில்லை. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். உங்களைத் தெரியாத யாராவது இதை வாசித்தால், திருகோணமலைத் துறையிலிருந்து மூதூருக்கு லோஞ்ச் படகு ஓட்டிய பேனாட் தியோலொசா இவர்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

முதலில் சின்னச் செய்திகள். முப்பத்தோராம் நாளுக்கு உங்கள் கல்லறையில் வைத்த பூவளையத்தை ஊருக்குள் திரியும் மான் தின்றுவிட்டது. பூசை முடிந்து திரும்பிப் பார்க்கிறோம், கம்பி வளையம் மட்டும் கிடக்கிறது. மெட்டில்டா அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். வீட்டு முற்றத்துக்கு வந்த மானையெல்லாம் செருப்பெடுத்துக் கலைத்தவர் நீங்கள். அவை எவ்வளவு காலம் காத்திருந்தனவோ?

இறங்குதுறையில் கிண்ணியா முஸ்லிம் ஆட்கள் இன்னும் அண்ணன் முறைவைத்து “லோசா காக்கா இல்லாம துறை வெறிச்செண்டு கிடக்கு” என்கிறார்கள். அந்தப் பெயரை அவர்கள் பாதியாக வெட்டியதற்கு நீங்கள் கோபப்பட்டதேயில்லை. நான் முழுதாகச் சொல்லிப் பிழைவிட்டபோதுதான் முறைத்தீர்கள். நினைவிருக்கிறதா?

பெண் கேட்டு நான் முதன்முதலாக உங்கள் வீட்டுக்கு வந்த நாள். வாசல் கேற்றில் நீலப் பெயர்ப்பலகை. ‘பேனாட் தியோலொசா’. எங்கள் ஆட்களுக்குத் தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். அடுத்த தலைமுறையில் முன்னால் நின்றவர் காணாமல் போய்விடுவார். என் பாட்டனின் பெயர் என் பெயரில் எங்கும் இல்லை. அதை நான் குறையாக நினைத்ததும் இல்லை. அந்தக் கணக்கில் பேனாட் உங்கள் தகப்பன், தியோலொசா நீங்கள் என்று முடிவுகட்டிக்கொண்டு, கதிரை நுனியில் மரியாதையாக இருந்து கேட்டேன்.

“ஐயா, உங்கட அப்பா பேனாட் ஐயா இப்ப இருக்கிறாரோ?”

“இருக்கிறார்.”

“எங்க இருக்கிறார்?”

“உமக்கு முன்னால.”

குசினிக்குள் ஏதோ சட்டி விழுந்தது. மெட்டில்டாதான். சிரிப்பை அடக்க முடியாமல் போட்டு உடைத்திருக்கிறாள். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி, தியோலொசா எண்டது எங்கட குடும்பத்தின்ர பேர். என்ர அப்பாவுக்கும் அதுதான், அவற்ற அப்பாவுக்கும் அதுதான். இந்த இலங்கை முழுக்கத் தேடினாலும் வேற ஒரு வீட்டில இந்தப் பேர் இல்லை. எனக்கு இருக்கிறது ஒரு பொம்பிளைப் பிள்ளை. நீர் சைவம், எனக்கு அது பிரச்சினையில்லை. சீதனம் கேக்கமாட்டீர் எண்டும் தெரியும். பிறக்கிற பிள்ளைக்கு என்ர பேரையும் சேத்து வைப்பீரோ, அதைச் சொல்லும்.”

“ஓம், வைக்கிறன்” என்றேன். அந்த நேரத்தில் நீங்கள் லோஞ்சின் பெயரை வைக்கச் சொல்லியிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

பிறகுதான் கப்பித்தான் கதை தொடங்கியது. உங்கள் பூட்டன் இத்தாலிக் கப்பலொன்றின் கப்பித்தான். புயலுக்கு ஒதுங்கி எங்கள் துறைமுகத்துக்குள் வந்தவர். கரையில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கண்டு கப்பலையே மறந்தவர். கதை ஒவ்வொரு நத்தார்ப் பெருநாளுக்கும் கொஞ்சம் வளரும். ஒரு வருசம் கப்பலில் பீரங்கி ஏறியது, இன்னொரு வருசம் அவர் பிரபுவானார். பெயருக்குப் பொருளும் வைத்திருந்தீர்கள். யாரோ ஒரு பாதர் ‘தியோ’ என்றால் கடவுள் என்று சொல்லிவிட்டார். மிச்சத்தை நீங்களே நிரப்பி, ‘கடவுளின் கப்பித்தான்’ ஆக்கிவிட்டீர்கள். மறுத்துச் சொல்ல ஊரில் இத்தாலி தெரிந்த ஒருவரும் இல்லை. நான் ஒருநாள் போனில் தேட வெளிக்கிட, “என்ர வம்சத்தைப் போனிட்டயா கேக்கிறீர்?” என்று அதைப் பறித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டீர்கள். உங்கள் மூக்கு இத்தாலி மூக்கு என்பதையும் நான் நம்பவில்லை. அதே மூக்கு முன்வீட்டு ஐஸ்காரருக்கும் இருக்கிறதே என்று கேட்டேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி இங்கே அதிகம் எழுதமாட்டேன். அந்த வருசங்களில் மெட்டில்டாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தான், உங்களுக்கு எல்லாம் தெரியும். கடைசியில் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பது என்று தீர்மானித்து, உங்களிடம் சொன்னோம். தேத்தண்ணியை வைத்துவிட்டு என்ன சொன்னீர்கள்?

“கொண்டு வாங்கோ. நான் தூக்கி வளக்கிறன். ஆனா பேரை மட்டும் விடுங்கோ. அது இரத்தத்தோட வாறது. என்னோட முடிஞ்சா முடியட்டும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மெட்டில்டாவை நெரித்தது. உங்களோடு சண்டை பிடித்து வெல்லலாம், அமைதியாக நீங்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவளால் ஏலாது.

ஆனால் அடுத்த நாள் விடியவே எழும்பி, லோஞ்சுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து பின்னறைச் சுவர் முழுக்கப் பூசினீர்கள். கப்பலுக்கு அடிக்கிற பெயின்றை யாராவது குழந்தையின் அறைக்கு அடிப்பார்களா? பொரியலும் சொதியும் மணக்கவேண்டிய வீடு ஒரு மாதம் துறைமுகம்போல மணந்தது. அந்த வாசம் போகும்முன் உங்களுக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: “பிள்ளை எப்ப வருது? பெயின்ற் காஞ்சிட்டுதோ?” அதுதான் நீங்கள் என்னோடு கதைத்த கடைசிக் கதை.

பிள்ளை வந்துவிட்டாள், மாமா. நீங்கள் போய்ச் சில வாரத்தில். அமலி என்று பெயர். அதுவரை வளர்த்த கன்னியர் மடத்துச் சகோதரிகள் வைத்தது. வரும்போது நடக்கப் பழகியிருந்தாள், இப்போது ஓடுகிறாள். சோறு என்றால் ஓட்டம், பிட்டு என்றால் திரும்பி வருவாள். நீல அறைக்குள் விட்ட முதல் நாளே சுவரை நக்கிப் பார்த்தாள். காய்ந்துவிட்டது, மாமா, கவலைப்படவேண்டாம்.

நீதிமன்றத்தில் அமலிமேல் எங்களுக்கு முழு உரிமை கிடைக்கும் நாள் நெருங்கியது. அன்று பிள்ளையின் முழுப் பெயரைச் சொல்லவேண்டும். நான் தியோலொசாவைச் சேர்ப்போம் என்றேன். மெட்டில்டா மறுத்துவிட்டாள். அவளுக்கு விருப்பமில்லாமல் இல்லை. அந்தப் பெயர் உங்களோடு முடிவதை நினைத்து அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

“அப்பா வேண்டாம் எண்டவர். இப்ப அவர் இல்லை எண்டு அவற்ற பேரை எடுத்தா அது களவு.”

“பெயின்ற் அடிச்ச மனிசன் பேரைத் தரமாட்டாரோ?”

“அதை அவரிட்டயே கேட்டிருக்கவேணும். இனி ஏலாது.”

நீங்கள் உயிரோடு இருந்தால் முகத்துக்கு நேரே கேட்டிருப்பேன். செத்த மனிதரோடு வாக்குவாதம் செய்து வென்றவர் யார்?

அந்தக் கிழமைதான் லுச்சியா வந்தார். உப்புவெளியில் நான் வேலை பார்க்கிற விருந்தினர் விடுதிக்கு வந்த இத்தாலிக்கார அம்மா. ஓய்வுபெற்ற ரீச்சர், தனியாக ஊர் சுற்றுகிறவர். நண்டுக்கறி கேட்டார். நண்டுக்கறி என்றால் விடுதிக் குசினியை நான் நம்பமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓட்டோ பிடித்து வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தேன். நீங்கள் ஆங்கிலத்திலும் எழுதிவைத்த பலகை முன்னால் அந்த அம்மா நின்றுவிட்டார். கையை வாயில் வைத்துக்கொண்டார். “இது எங்கள் பக்கத்துப் பெயர். இங்கே எப்படி வந்தது?”

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உள்ளே கூட்டிப்போய் இருத்தி, உங்கள் கப்பித்தானைப் பீரங்கியோடு அவிழ்த்துவிட்டேன். அவர் நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே பொறுமையாகக் கேட்டார். பிறகு, “கப்பித்தான் வந்திருக்கலாம். ஆனால் பெயர் அவருக்கு முந்தியது” என்று தொடங்கினார்.

அவருடைய ஊர் சிசிலித் தீவில், மெசினா நீரிணைக் கரையில். அந்தக் காலத்தில் அங்கே பிள்ளையை வளர்க்க வழியில்லாத தாய், மடத்துச் சுவருக்கு வருவாளாம். சுவரில் சுழலும் மரப்பெட்டி. வெளியே நின்று பிள்ளையை அதில் கிடத்திச் சுழற்றினால் பிள்ளை உள்ளே போய்விடும். மணியை அடித்துவிட்டு அவள் போய்விடுவாள். முகத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். உள்ளே எடுத்தவர்கள் பிள்ளைக்குக் குடும்பப் பெயர் ஒன்று வைத்தாகவேண்டும். யாருடைய பிள்ளை? கடவுளுக்குத் தெரியும். அதையே பெயராக வைத்துவிட்டார்களாம். தியோ, லோ, சா. கடவுளுக்கு அது தெரியும். அவர்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்களாம். இத்தாலியிலேயே அபூர்வமான பெயர், அந்தக் கரையோரத்தில் சில ஊர்களில் சில குடும்பங்கள்தானாம். வடக்கே போனால் அங்குள்ளவர்களே இது என்ன பெயர் என்று கேட்பார்களாம்.

மெட்டில்டாவுக்கு ஆங்கிலம் பாதிதான் பிடிபடும். “என்ன சொல்லுறா?” என்று கேட்டாள். உன் தகப்பன் சாகும்வரை காத்த வம்சம் ஒரு கைவிட்ட பிள்ளையிலிருந்து தொடங்கியது என்று எப்படிச் சொல்வது? மறைக்கலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தேன். அவள் மடியில் அமலி இருந்து பிட்டைப் பிசைந்து தன் தலையிலேயே பூசிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

மெட்டில்டா பிள்ளையைப் பார்த்தாள். சுவரில் உங்கள் படத்தைப் பார்த்தாள். பிறகு எழும்பி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே உங்களுக்கு முன்னால் போய் நின்றாள்.

“அப்பா! கேட்டீங்களோ? இரத்தம் இரத்தம் எண்டு துள்ளினீங்களே! உங்கட பேர் முதன்முதல் ஆருக்கு வைச்சதாம் எண்டு கேட்டீங்களோ?”

அப்படி ஒரு சிரிப்பு, மாமா. கண்ணீர் ஒழுக ஒழுகச் சிரித்தாள். அமலிக்கு ஒன்றும் விளங்காமலே அவளும் கைதட்டிச் சிரித்தாள். லுச்சியா பயந்துபோய், ஏதும் பிழையாகச் சொல்லிவிட்டேனா என்று கேட்டார். நான் இறங்குதுறைக்கு ஓடிப்போய் உங்களிடம் சொல்லவேண்டும் என்று எழும்பியேவிட்டேன். எழும்பிய பிறகுதான் நீங்கள் அங்கே இல்லை என்பது நினைவு வந்தது. இந்த ஒரு வருசத்தில் அந்த நிமிடம்போல உங்களை நான் தேடியதில்லை.

ஒரு விசயத்தில் நீங்கள் வென்றுவிட்டீர்கள். போகும்போது லுச்சியா உங்கள் படத்தைக் கிட்டப் போய்ப் பார்த்து, “அந்த மூக்கு எங்கள் ஊர் மூக்குத்தான்” என்றார். மன்னித்துக்கொள்ளுங்கள். ஐஸ்காரர் எப்படி அதை எடுத்தார் என்பது எனக்குத் தெரியாது.

நீதிமன்றத்தில் நீதிபதி பெயரை இரண்டுதரம் வாசித்தார். சி. அமலி தியோலொசா. முன்னால் நான், பின்னால் நீங்கள், நடுவில் அவள். மூன்று பேரும் மோட்டார் சைக்கிளில் போகிறமாதிரி. “இது எந்த ஊர்ப் பேர்?” என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் மெட்டில்டா எழும்பிவிட்டாள்.

“திருகோணமலைப் பேர், சேர்.”

நீங்கள் இருந்திருந்தால் சம்மதித்திருப்பீர்களா? இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருப்பீர்கள், அது நிச்சயம். மூன்றாம் நாள் அமலியை லோஞ்சில் ஏற்றி, கப்பித்தான் தொப்பியும் போட்டு, மூதூர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டியிருப்பீர்கள் என்று நான் நினைக்கிறேன். சரியா, மாமா?

ஒருநாள் அவள் கேட்பாள். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொல்லி, முகம் வாடி வந்து, “நான் ஆற்ற பிள்ளை?” என்று கேட்பாள். அன்றைக்கு அவளைக் கேற்றடிக்குக் கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டுவேன். உன்னைப்போல ஒரு பிள்ளைக்குத்தான் இந்தப் பெயரை முதலில் வைத்தார்கள், அந்தப் பிள்ளையை யாரோ கைநீட்டி எடுத்தார்கள், அதனால்தான் உன் அம்மப்பாவும் உன் அம்மாவும் இந்த உலகத்துக்கு வந்தார்கள் என்று சொல்வேன். கப்பித்தானையும் விடமாட்டேன், பீரங்கியோடு சொல்வேன். ஒவ்வொரு நத்தாருக்கும் உங்கள் நீலத்திலேயே பலகைக்குப் பெயின்ற் அடிப்பேன். இது நான் உங்களுக்குத் தருகிற இரண்டாவது வாக்கு. முதலாவதைக் கதிரை நுனியில் இருந்து தந்தேனே, அதைக் காப்பாற்றிவிட்டேன்.

அமலி தியோலொசாவின் அப்பா,
உங்கள் மருமகன்
சிவநேசன்