மீதி இருநூறு மீட்டர்

கீழ்பென்னாத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்புள்ள வல்லரசு அண்ணனுக்கு,

கீர்த்தனா எழுதுகிறேன். போனில் நீங்கள் பிளாக் செய்து வைத்திருக்கும் அதே கீர்த்தனாதான். கோபம் குறையாவிட்டாலும் உங்கள் உடம்பாவது நன்றாக இருக்கட்டும் என்று அண்ணாமலையாரை வேண்டிக்கொண்டு ஆரம்பிக்கிறேன். பரீட்சையில் லீவு லெட்டர் எழுதியதைத் தவிர, எனக்கு இதுதான் முதல் கடிதம். உங்கள் கேம்ப்பில் தங்கியிருக்கும் அருண்பிரசாத் அண்ணன் எங்கள் தெருக்காரர். லீவு முடிந்து நாளைக்கு தோஹா கிளம்புகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் ஒருமுறை படித்துவிட்டுக் கிழியுங்கள் அண்ணா.

முதலில் ஒன்று. உங்கள் அம்மா மாரத்தான் ஓடியதை நான் லைவ் போட்டேன், அது உண்மை. அதிலிருந்து பதினைந்து வினாடியை வெட்டி, சிரிப்புச் சத்தம் சேர்த்து, 'கோட்டைத் தொடுற நேரத்துல ஷூ மாட்டும் ஆன்ட்டி' என்று போட்டது யாரோ ஒரு மீம் பேஜ். அது நானில்லை. ரிப்போர்ட் அடித்து அடித்து விரல் தேய்ந்துவிட்டது. "என் தங்கச்சி ஷூவ வெச்சு காமெடி பண்றீங்களா" என்று நீங்கள் அனுப்பியதைப் படித்தபோது எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அன்றிலிருந்து அம்மாவின் போனையும் நீங்கள் எடுப்பதில்லையாமே. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் பார்த்தது பதினைந்து வினாடி. நான் விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும்வரை முழுசாகப் பார்த்தவள்.

எனக்கு ஓடக் கற்றுக்கொடுக்க யாரும் இல்லை, எல்லாம் போனைப் பார்த்துக் கற்றதுதான். கிரிவலப் பாதையில் ஓடுபவர்களை வீடியோ எடுத்து என் பேஜில் போடுவேன். உங்கள் தங்கை அருணா அக்கா போலீஸ் வேலைக்காக அந்தப் பாதையில் ஓடும்போது தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் அனுப்பிய நீல ஷூதான் அடையாளம். கிரிவலப் பாதை மாரத்தானில் முழு தூரமும் ஓடியே தீருவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் அந்தக் காய்ச்சல் வந்து அவரைக் கொண்டுபோனது. கம்பெனி லீவு தராததால் நீங்கள் வர முடியாமல் போனதும் எனக்குத் தெரியும். அம்மா அதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் சில மாதம் கழித்து, அருணா அக்கா ஓடும் அதே நேரத்தில் அதே பாதையில் ஒரு அம்மா புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வேகமாக நடப்பதைப் பார்த்தேன். கோயில் பக்கத்தில் செருப்புக் காப்பகம் வைத்திருக்கும் உண்ணாமலை அம்மா, அருணா அக்காவைப் பெற்றவர் என்று ஆட்டோக்கார வேணு அண்ணன்தான் சொன்னார். ஒரு மாதத்தில் நடை ஓட்டமானது. இன்னொரு மாதத்தில் என்னாலேயே அவரோடு ஓட முடியவில்லை. நாற்பத்தேழு வயது, வெறுங்கால். நான் அப்படியே ஃபேன் ஆகிவிட்டேன். முதல்முறை ஓடுபவர்கள் ஷூ இல்லாமல் ஓடக்கூடாது என்று என் போன் ஞானத்தையெல்லாம் கொட்டினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஊரு செருப்பெல்லாம் கழட்டச் சொல்லி வாங்கி வெக்கிறவ நானு. நானே கால்ல மாட்டிக்கினு மலைய சுத்துனா அண்ணாமலையாரு இன்னான்னு கேக்க மாட்டாரா" என்றார். அருணா அக்கா போட்டுக்கொண்டு ஓடினாரே என்று மடக்கினேன். அவள் போலீஸ் வேலைக்கு ஓடினாள், அது வேற, நான் மலையைச் சுத்துறவ என்று என் வாயை அடைத்துவிட்டார்.

மாரத்தான் அன்று காலையில் ஒரு மஞ்சள் பையை என்னிடம் கொடுத்தார். கடைசித் திருப்பத்தில் நிற்கச் சொன்னார், திறக்கக் கூடாது என்றார். திறக்காமல் இருப்பேனா. உள்ளே அந்த நீல ஷூ இருந்தது. கால் புண்ணானால் போட்டுக்கொள்ளத்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

போட்டி எப்படி என்றால், மலையை மூன்று சுற்று. அதிலும் முழு மாரத்தானுக்கு இருநூறு மீட்டர் குறைகிறது. அதற்காக கிரிவலப் பாதையை விட்டு ஒரு தெருவுக்குள் திரும்பி, அங்கே ஒரு பள்ளி மைதானத்தில் முடிவுக் கோடு வைத்திருந்தார்கள். ஏழு மணி நேரத்துக்குள் முடித்தால்தான் மெடல், சர்டிபிகேட், லிஸ்டில் பெயர் எல்லாம்.

முதல் சுற்றில் அம்மா சிரித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு லிங்கம் வரும்போதும் நிற்காமல் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓடினார், வேணு அண்ணன் ஆட்டோவில் பின்னாலேயே போய் நான் போட்ட லைவைப் பார்த்த ஜனங்கள் அதற்கே ஹார்ட் ஹார்ட்டாக விட்டார்கள். இரண்டாம் சுற்றில் சிரிப்பு கம்மி. மூன்றாம் சுற்றில் தார் ரோடு சுட ஆரம்பித்துவிட்டது. ஆட்டோ குபேர லிங்கம் தாண்டியபோது பார்த்தேன். அம்மாவின் பாதம் ரோட்டில் ஈரமாகப் பதிந்தது, அது தண்ணீர் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அம்மா ஓடிக்கொண்டே என்னைத் திட்டினார். "உன்னை எங்க நிக்கச் சொன்னேன்? போயி அங்க நில்லு."

போய் நின்றேன். அம்மா அந்தத் திருப்பத்துக்கு வந்தபோது இன்னும் நேரம் இருந்தது அண்ணா. ஜாஸ்தி இல்லை, ஆனால் போதும். அப்படியே ஓடியிருந்தால் மெடல் கழுத்தில் விழுந்திருக்கும். மைக்கில் அம்மா பெயரைச் சொன்னதும் எல்லோரும் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா நின்றார். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பாதையை விட்டு இறங்கி, தெரு ஓரத்தில் உட்கார்ந்து, பையைக் கேட்டார்.

டைம் முடியப்போகிறது, எழுந்திருங்கள் என்று நான் கத்தினேன். லைவைப் பார்த்தால் என் குரல் கிறீச்சிடுவது உங்களுக்கும் கேட்கும். அதற்கு அம்மா சொன்னது மைக் சத்தத்தில் எதிலும் பதியவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

"முடிஞ்சா முடியட்டும் பாப்பா. மூணு சுத்தும் அவருக்கு ஆச்சு. இந்த மீதி என் பொண்ணுக்கு. அவ ஓட வேண்டியத அவ ஷூவுலதான் ஓடணும்."

வீங்கிய கால் உள்ளே போகவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திணித்தார். லேஸ் கட்டத் தெரியவில்லை. செருப்பு ஜோடியைக் கயிற்றில் சேர்த்துக் கட்டி டோக்கன் மாட்டுவாரே, அந்த முடிச்சு போட்டார். நீங்கள் பார்த்த பதினைந்து வினாடி அதுதான் அண்ணா. அதற்குத்தான் அவர்கள் சிரிப்புச் சத்தம் சேர்த்தார்கள்.

பிறகு எழுந்து ஓடினார். மலையைச் சுற்றும்போது அவ்வளவு வேகமாக ஓடிப் பார்த்ததில்லை. மைதானத்துக்குள் நுழைந்தபோது நேரம் முடிந்து, கடிகாரத்தை நிறுத்தி, முடிவுக் கோட்டின் மேல் கட்டிய வளைவைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஏணி மேல் நின்றவர் இறங்கி ஓரமாக நின்று வழிவிட்டார். அம்மா கோட்டைத் தாண்டிவிட்டுத்தான் நின்றார். லிஸ்டில் பெயர் இல்லை, மெடல் இல்லை. அநியாயம் என்று நான் சண்டைக்குப் போனேன், அம்மா என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். ரூல்னா ரூல்தான், தெரிஞ்சுதானே உக்காந்தேன் என்றார். எத்தனையோ நாட்டு ஓட்டக்காரர்களை போனில் பார்த்திருக்கிறேன். தெரிந்தே மெடலை விட்டவரை இப்போதுதான் பார்க்கிறேன். அதுவும் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்து, மோர் குடித்துக்கொண்டு, என் மூக்கைத் துடைத்துவிட்டவராக.

கால் புண் ஆறிக்கொண்டிருக்கிறது, கவலை வேண்டாம். நேற்றிலிருந்து காப்பகத்துக்கு வருகிறார். போனை டோக்கன் டப்பாவுக்குள் வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை டோக்கன் எடுக்கும்போதும் திரையை ஒரு பார்வை பார்க்கிறார். யாரையும் எதையும் கேட்பதில்லை.

அந்த நீல ஷூவைக் கழுவிக் காயவைத்து, மேல் தட்டில் தனியாக வைத்து, மற்ற செருப்புகளைப் போலவே டோக்கன் கட்டியிருக்கிறார். அதன் ஜோடி டோக்கன்தான் இந்தக் கவரில் இருக்கிறது. உங்களுக்கு எழுதப் போகிறேன் என்றதும் அவரே எடுத்துக் கொடுத்தார். "வாங்கிக் குடுத்தவன் அவன். அவன் கையில குடு. எப்ப வந்து காட்டினாலும் எடுத்துத் தர்றேன்னு சொல்லு" என்றார்.

அவ்வளவு தூரம் போய்வருவதில் டோக்கன் தொலைந்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"தொலைஞ்சா இன்னா பாப்பா. மூஞ்சியப் பாத்தே குடுத்துடுவேன்."

வர நாளாகும் என்றால் பரவாயில்லை அண்ணா. அதற்கு முன் அந்த டப்பாவுக்குள் ஒருமுறை மணி அடிக்க வையுங்கள். அண்ணாமலையார் உங்களுக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ளட்டும்.

பிளாக்கை எடுக்காவிட்டாலும் உங்களை அண்ணா என்றே கூப்பிடும்,
கீர்த்தனா