பின்னால் உருண்ட ஜீப்

என் உயிர் மாப்பிள்ளை சண்முகம்,

எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மளிகைக் கடை ராஜன் எழுதுகிறான். இங்குள்ள தமிழ்ச் சங்கத்து மலரில் போடப் போகிறானாம். போடட்டும். ஊர் படித்தால் படிக்கட்டும், எனக்கு நீ கேட்டால் போதும்.

உன் அஸ்தியைப் படித்துறையில் கரைக்கவில்லை. கிடர்பூரைத் தாண்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீப்பைக் கழுவுவாயே, அந்த ஆற்றோரச் சேற்றுக் கரைக்குக் கொண்டுபோனோம். அங்கேதான் வேண்டும் என்று சரசு கேட்டாள். என் தங்கச்சி எப்போது எதைக் கேட்டிருக்கிறாள், இதை மறுக்க? எனக்குக் கண் மங்கிவிட்டதால் உன் மகள் மீனாதான் ஓட்டினாள். முதல் நாள் பெய்த மழையில் கரை குழம்பாகக் கிடந்தது. கியருக்குப் பக்கத்தில் நிற்கும் அந்தச் சின்னக் கம்பியைப் போடச் சொன்னேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்க, தண்ணீர் ஓரம் வரை இறங்கிவிட்டோம்.

கரைத்து முடித்ததும் ஐயர், "யாரும் பேசாம வண்டியில ஏறுங்கோ. திரும்பிப் பாக்கப்படாது" என்று சொல்லிவிட்டுத் தன் ஸ்கூட்டரில் போய்விட்டார்.

அதில்தான் வந்தது வினை. சேற்றில் வண்டி நேராக உருளும்போதே சின்னக் கம்பியை எடுத்திருக்க வேண்டும். பேசக் கூடாதே! நான் சொல்லவில்லை, மீனாவும் கேட்கவில்லை. அப்படியே தார் ரோட்டில் ஏறித் திருப்பினாள். ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. வண்டி நொண்டி நொண்டி நின்றது.

மீனா இரண்டு கையாலும் கம்பியை இழுத்தாள். "ஆஷ்ச்சே நா, மாமா! வரவே மாட்டேங்குது!"

"விடு, விடு! முரட்டுத்தனமா இழுத்தா உள்ள பல்லு போயிரும்."

எதிரே வழி கிடைக்காமல் நின்ற லாரிக்காரன் தலையை நீட்டினான். "ஓ தாது, கொருர் காடி நாகி?" மாட்டு வண்டியா தாத்தா என்கிறான். உன் ஜீப்பை, மாப்பிள்ளை! நீ இருந்திருந்தால் இறங்கிப் போய் அவனுக்கு வங்காளத்திலேயே பதில் கொடுத்திருப்பாய்.

நீ எப்படி எடுப்பாய் என்று எனக்குத் தெரியாதா? காய்ந்த ரோட்டில் முன் சக்கரமும் பின் சக்கரமும் முறுக்கிக்கொண்டுவிட்டால் நீ மல்லுக்கட்ட மாட்டாய். வந்த தடத்திலேயே கொஞ்சம் பின்னால் உருட்டுவாய். முறுக்கு அவிழ்ந்ததும் கம்பியை இரண்டு விரலால் எடுப்பாய்.

ஆனால் பின்னால் இருந்தது நீ.

"ரிவர்ஸ் போடும்மா" என்றேன். பின் சீட்டிலிருந்து சரசு என் தோளைப் பிடித்தாள். "அண்ணே, வேண்டாம். அவர் பக்கமா வண்டி போகக் கூடாது. ஐயர் சொன்னது காதுல விழலையா?"

"நீங்க ரெண்டு பேரும் பாக்காதீங்க. நான் பாத்துச் சொல்றேன்."

மீனா கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. என் குரலை வைத்தே உருட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். மங்கிய கண்ணுக்கு என்ன தெரியும்? நம் டயர் தடம் தெரிந்தது, அதற்கப்பால் தண்ணீர். அவ்வளவுதான். அடியில் 'டொக்' என்று ஒரு சத்தம். கம்பி வெண்ணெயாக வந்துவிட்டது.

சரசுவுக்குத்தான் இன்னும் முறுக்கு அவிழவில்லை. வண்டி பின்னால் போனபோது நீ ஏறிக்கொண்டுவிட்டாய் என்கிறாள். சாயங்காலம் இரண்டு டம்ளரில் டீ போடுகிறாள். லேக் கார்டன்ஸில் மீனா வீட்டுக்கு வரச் சொன்னால், "அவர் இங்க இருக்கும்போது நான் எப்படி வர்றது?" என்கிறாள். சாப்பாடு பாதியாகிவிட்டது. மீனா கத்துகிறாள், அழுகிறாள், அம்மாவின் பெட்டியைக்கூடக் கட்டிவிட்டாள். "நீ என்னத்தப் பாத்தே, அண்ணே?" என்று சரசு என்னைத் தினமும் கேட்கிறாள். ஒன்றுமில்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறாள்.

மாப்பிள்ளை, நான் செய்தது தப்பா? வண்டியைக் காப்பாற்றப் போய்த் தங்கச்சியை மாட்டிவிட்டேனா? ஒருவேளை நிஜமாகவே ஏறிக்கொண்டாயா? அந்த டீ ஆறுவதைப் பார்க்கும்போது எனக்கே சந்தேகம் வருகிறது.

நேற்று மீனாவிடம் பெட்டியைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். "இழுக்காதே, உங்கப்பன் இழுக்க மாட்டான்" என்றேன். முறைத்தாள். பிறகு பிரித்தாள்.

வரும் அமாவாசைக்குச் சரசுவை அதே கரைக்கு அழைத்துப் போகிறேன். எந்த ஐயர் என்ன சொன்னாலும் சரி, வண்டியை உன்னைப் பார்த்தே நிறுத்துவோம். அவள் வேண்டுமட்டும் பார்க்கட்டும், பேசட்டும். அவளாகப் போகலாம் என்று சொல்லும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். திரும்பும்போது மட்டும் திறப்பேன்: தார் ரோடு வருமுன், சேற்றிலேயே, கம்பியை எடுக்கச் சொல்வேன். இது சத்தியம்.

உனக்குப் பெண் கொடுத்த மச்சான்,
மாடசாமி