எந்தப் புலி என்று கேட்கவில்லை

அன்பு மகள் பெக்ஹாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகள் இரண்டு பேரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கடல்தாய் கோயிலில் ஊதுவத்தி ஏற்றிவிட்டு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, எழுதிப் பார்த்தால் பொய் மாதிரி இருக்கிறது, அதனால் சாப்பிடுகிறோம், வேலை செய்கிறோம், படுக்கிறோம் என்று வைத்துக்கொள். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. தம்பி கொக்பினை எழுதச் சொல்லியிருக்கலாம், ஆனால் இதை இன்னொருவர் கையால் எழுதவைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. பஞ்சாங்கத்தில் இன்று உடையும் நாள் என்று போட்டிருக்கிறது, சுவர் இடிக்கலாம், வைத்தியரிடம் போகலாம், வேறு எதற்கும் ஆகாது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, பிரேசிலுக்குப் போற கடுதாசிய இன்னிக்கா எழுதுவாங்க, நாளைக்கு எழுதேன் என்றாள். நல்ல நாள் பார்த்துப் பார்த்து நான் செய்த காரியம் போதும் என்று மனதில் நினைத்துக்கொண்டு சரி சரி என்று அவளை அனுப்பிவிட்டேன்.

இந்த வருடம் மழை தாமதம், சிப்பி சதை பிடிக்கவில்லை, உடைத்தால் உள்ளே தண்ணீர்தான் இருக்கிறது. கொக்பின் பஸ் ஓட்டாத நாளில் அப்பாவின் மூங்கில் தெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறான், முதல் நாள் கழி ஊன்றத் தெரியாமல் இரண்டு உள்ளங்கையும் உரிந்து வந்தான், அப்பா இருந்திருந்தால் கடல்ல என்ன ஹாரன் அடிச்சியாடா என்று கேட்டுச் சிரித்திருப்பார். உன் போங்ச்சி அத்தை இப்போது நம் வீட்டிலேயே இருக்கிறாள், உன் அப்பா போன பிறகு தனியாக இருக்க மாட்டேன் என்று துணி மூட்டையோடு வந்துவிட்டாள், காது இன்னும் மந்தமாகிவிட்டது, டிவியில் பொம்மலாட்டத்தை அலறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அவளோடு பேசினால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது. புத்தாண்டுக்கு நீ தம்பிக்குப் போன் செய்தாய். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன், கையை ஈரம் போகத் துடைத்துவிட்டுத் தயாராக நின்றேன், நீ என்னைக் கேட்கவில்லை. அவன் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான். உன்னைக் குறை சொல்லவில்லை மகளே, கேட்கும்படியாக நான் ஒன்றும் செய்யவில்லை.

அப்பா போன நாள் இரட்டைத் துக்க நாள். அது உனக்குத் தெரியாது, யாரும் உன்னிடம் சொல்லவில்லை, நாள் பார்க்கும் குவே ஐயா விரலை மடித்து மடித்து எண்ணிச் சொன்னபோது நீ இன்னும் விமானத்தில் இருந்தாய். அந்த நாளில் ஒருவர் போனால் அதே வீட்டிலிருந்து இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போவார் என்பது நீ சின்னதில் கேட்டதுதான். பரிகாரம் இருக்கிறது, சவப்பெட்டிக்குள் மந்திரம் எழுதிய சின்னக் காகிதப் பெட்டி ஒன்று வைத்தால் தீர்ந்தது என்று அவர் சொன்னார், வைத்தும் கொடுத்தார், ஆனால் எனக்கு அது காதில் ஏறவில்லை, அடுத்தது யார் அடுத்தது யார் என்றே நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. கொக்பின் கண் எதிரில் இருந்தான். நீ மட்டும்தான் எங்கோ ஆகாயத்தில் இருந்தாய். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவருக்காக அழுவதற்குப் பதில் விமானத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தேன்.

பெட்டி மூடக் குறித்த நேரம் தப்பினால் வேறு நேரம் இல்லை என்று குவே ஐயா சொல்லிவிட்டார், அக்கா வரட்டும் ஐயா, கொஞ்சம் பொறுங்க என்று கொக்பின் அவர் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினான். அந்த நேரமும் வந்துவிட்டது. அவர் முற்றத்தில் நின்று, பிறந்த ஆண்டு இந்த நாளோடு மோதுகிறவர்கள் பெட்டி மூடுவதைப் பார்க்கக் கூடாது, திரும்பிக்கொள்ளுங்கள், புலி ஆண்டில் பிறந்தவர்கள் என்று ஆரம்பித்தார், அதே சமயம் தெருமுனையில் உன் அழுகை கேட்டது. கட்டிக்கொடுத்த மகள் தெருமுனையிலிருந்து அழுதுகொண்டே தவழ்ந்து வர வேண்டும் என்பதை அவ்வளவு தூரத்தில் அத்தனை வருடம் இருந்தும் நீ மறக்கவில்லை, நல்ல துணியோடு, முழங்காலில், சிப்பி ஓடு சிதறிக் கிடக்கும் அந்தத் தெருவில் வந்தாய். நீ புலி ஆண்டுப் பிள்ளை. புலி என்றதும் நான் உன்னை நோக்கி ஓடினேன். குவே ஐயா மேலே சொன்னதைக் கேட்க நிற்கவில்லை.

அதன்பிறகு நடந்தது நமக்கு இரண்டு பேருக்கும் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைக்கக் கூடாது. அம்மா, ஒரே ஒரு தடவ, முகத்த மட்டும் பாத்துக்கிறேம்மா என்றாய். கூடாதுடி, இன்னிக்குப் புலிக்கு ஆகாது என்றேன். எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும் விடும்மா என்றாய். உனக்கு ஆனா உம் புள்ளைங்களுக்கு யாருடி இருக்கா என்று கத்தினேன். உன் பிடரியைப் பிடித்து முகத்தைச் சிப்பி ஓட்டுக் குவியலின் பக்கம் திருப்பி வைத்தேன். இரண்டு பிள்ளை பெற்றவளை, ஊரே பார்க்க, திருடியைப் பிடித்த மாதிரி பிடித்திருந்தேன். உள்ளே ஆணி அடித்தபோது ஒவ்வொரு அடிக்கும் உன் கழுத்து என் கைக்குக் கீழே துள்ளியது, அந்தக் கையை நான் எடுக்கவில்லை. அடக்கம் முடிந்து சாப்பாட்டின்போது பெண்கள் கூடி உட்கார்ந்திருந்த இடத்தில், எம் மவள நான் காப்பாத்திட்டேன், ஒரு விநாடி பிந்தியிருந்தா பாத்திருப்பா என்று சொன்னேனே, பெருமையாகச் சொன்னேனே, நீ முரட்டுத் துணித் துக்க முக்காட்டோடு அடுத்த மேசையில் இருந்தாய். கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து போனாய். அப்போதும் எனக்குப் புரியவில்லை, பயணக் களைப்பு என்று நினைத்தேன்.

போன வாரம் கல்லறை வேலையை முடிக்க நாள் கேட்டுக் குவே ஐயாவிடம் போனேன். எம் மக புலி, அவளுக்கு மோதுற நாளா வேண்டாங்க, ஒருவேளை வந்தாலும் வருவா என்றேன். எந்தப் புலி என்றார். புலின்னா புலிதான், அதுல என்ன எந்தப் புலி என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஏங்க அண்ணி, பன்னெண்டு வருஷத்துக்கு ஒரு புலி பொறக்குது, நாளோட நேரா மோதுறது அதுல ஒண்ணே ஒண்ணுதான், எல்லாப் புலியும் ஒதுங்கணும்னா சாவு வீட்டுல பெட்டி தூக்கக்கூட ஆள் கிடைக்காது என்றார். அப்ப அன்னிக்கு என்று கேட்டேன். அன்னிக்கு அறுபத்துமூணு வயசுப் புலின்னு முற்றத்துல நின்னு கத்தினேனே, உங்க நாத்தனார் ஒருத்தங்கதான் திரும்பணும், உங்க மகளுக்கு அன்னிக்கு ஒரு தோஷமும் இல்ல, தாராளமாப் பாத்திருக்கலாமே என்றார். தாராளமா என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார், தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார். நான் நாளும் வாங்கவில்லை, குடையையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஊருக்குள் வர முடியாமல் கடலோரக் கரை மேலேயே சுற்றி நடந்து வந்தேன், எதிரில் வந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அக்கா, அந்தப் புலி நீங்கதான் என்று காதுக்குள் கத்த வேண்டியிருந்தது, தெருவுக்கே கேட்டிருக்கும். நானா, நான் முன்னால நின்னு மூடுற வரைக்கும் நல்லாப் பாத்தேனேடி, எனக்கு ஒண்ணும் வரலயே, மலச்சிக்கல் கூட விட்டுப்போச்சே என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், அவர் போன பிறகு முதல் தடவை. பிறகு அவள் டிவியை நிறுத்தச் சொன்னாள். காது கேட்டிருந்தாலும் நான் திரும்பியிருக்க மாட்டேன், எங்கம்மா வயல்ல நிக்கும்போது அவன முதுகுல கட்டித் தூக்கினவ நான், எம் தம்பி மூஞ்சிய நான் பாக்காம யாரு பாக்கறது, மோதினா மோதட்டும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, நீ ஏன்டி அந்தப் புள்ளையப் புடிச்சே, அவளக் கேட்டியா என்றாள்.

கேட்கவில்லை. எந்தப் புலி என்று குவே ஐயாவிடமும் கேட்கவில்லை, உன்னையும் கேட்கவில்லை. நீ வாய் விட்டுச் சொன்னதையே நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேறு புலி என்று தெரிந்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது என்று நினைத்துவிடாதே. அவர் கணக்கு நான் நினைத்தபடியே இருந்திருந்தாலும் அந்தக் கையை நான் எடுத்திருக்க வேண்டும், அத்தை சொன்ன பிறகு அதுதான் நெஞ்சில் குத்துகிறது. இப்போது சிப்பி உடைக்கும் கொட்டகையில் கதை பரவிவிட்டது. இந்தச் சிப்பி எந்தச் சிப்பின்னு குவே ஐயாகிட்டக் கேட்டுட்டு உடைங்கடி என்று ஒருத்தி சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள், நான் குனிந்த தலை நிமிரவில்லை, கத்தி விரலில் இறங்கியதுகூட ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவர்கள் சிரிக்கட்டும், அவர்கள் யார் பிடரியையும் நான் பிடிக்கவில்லை. வீட்டோரம் இருந்த ஓட்டுக் குவியலைக் கொக்பினை வண்டி வைத்து அள்ளிப் போகச் சொல்லிவிட்டேன். எதுக்கும்மா இப்ப என்றான். இடிக்க நல்ல நாள்னு போட்டிருக்குடா என்றேன்.

நீ பார்க்காததை நான் சொல்கிறேன். சொன்னால் பார்த்தது ஆகாது, தெரியும், வேறு என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா இளைத்துப் போயிருந்தார், ஆனால் முகம் கோணவில்லை, காலையில் எழுந்து காற்று எந்தப் பக்கம் என்று கவனிப்பாரே, பேசாமல், வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, அப்படி இருந்தார். இடது புருவத்தில் ஒரு முடி மட்டும் நீளமாக வளர்ந்து கண்மேல் விழும், நீ சின்னதில் பிடித்து இழுப்பாய், அதை வெட்டவா என்று கொக்பின் கேட்டான், வேண்டாம் என்றேன், அப்படியே இருந்தது. நகத்துக்குள் இருந்த கறுப்பை வெந்நீர் விட்டுத் தேய்த்தும் எடுக்க முடியவில்லை. அடுக்கடுக்காகப் போட்ட துணியில் எல்லாவற்றுக்கும் உள்ளே, உடம்பை ஒட்டி, நீ அனுப்பிய நீலக் கட்டம் போட்ட சட்டை இருக்கிறது. அவரே சொல்லி வைத்திருந்தார், அது எம் மவ எடுத்தது, அத உள்ள போடு, மேல போட்டா ஊர்க்காரன் பாத்துக் கண்ணு வைப்பான் என்று. பெட்டிக்குள் வைத்த பிறகு தலை வாசல் பக்கம் சாய்ந்தது. தம்பி நேராக்கினான், மறுபடியும் சாய்ந்தது. அப்படியேதான் மூடினோம்.

இன்னும் சில வருடம் போனால் அப்பாவின் எலும்பை எடுத்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, ஜாடியில் வைக்கிற நாள் வரும். எடுக்கும்போது மேலே குடை பிடிக்க ஆள் வேண்டும், அப்பா எழுந்திரிங்க, வேற வீட்டுக்குப் போறோம் என்று கூப்பிட ஆள் வேண்டும், அதைக் கொக்பின் செய்ய வேண்டாம், நீ கூப்பிடு. உனக்கு எப்போது வர முடியும் என்று முதலில் உன்னைக் கேட்பேன், அதற்குப் பிறகுதான் குவே ஐயாவிடம் போவேன். நீ சொல்லும் நாள் உன் புலிக்கு ஆகாது என்று அவர் சொன்னால் அதை உன்னிடம் சொல்வேன், சொல்லிவிட்டுச் சும்மா இருப்பேன், பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம். நான் பிறந்த முயல் ஆண்டுக்கு ஆகாது என்றால் நான் கடல் பக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். நான் அவரைப் பார்த்தது போதும். அன்றைக்கு நீ முன்னால் நில்.

உங்கள் ஊரில் இப்போது வெயில் என்று கொக்பின் சொன்னான், பிள்ளைகளை மத்தியானத்தில் விளையாட விடாதே, சின்னவனுக்கு இருமல் நின்றுவிட்டதா, இஞ்சியும் கறுப்புச் சர்க்கரையும் காய்ச்சிக் கொடு. உன் முழங்கால் காயம் ஆறிவிட்டதா என்று நான் கேட்கவே இல்லை, சிப்பி ஓடு கீறினால் உள்ளே துணுக்கு நின்றுவிடும், இன்னும் வலித்தால் வைத்தியரிடம் காட்டு. நீயும் உன் குடும்பமும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், உன் அப்பாவின் ஆசியும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பதில் எழுத மனம் வராவிட்டால் வெறும் உறையை மட்டும் ஒட்டி அனுப்பு, மேலே உன் கையால் என் பெயர் இருந்தால் போதும், அது எந்த நாளில் வந்தாலும் வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா