இடப்பக்கம் ஒரு சாண்

பிப்ரவரி 9, ஞாயிறு

மறுபடியும் இடப்பக்கம் விழுகிறது. ரயில் பெட்டியின் மூன்றாவது ஜன்னலில் தலை நீட்டும் கொள்ளைக்காரனைக் குறிவைத்தால் இரண்டாவது ஜன்னல் கண்ணாடி உடைகிறது. காலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தேன். திரையின் நடுவில் சிவப்புப் புள்ளி, சுட்டேன். இடது மேல் மூலை, சுட்டேன். வலது கீழ் மூலை, சுட்டேன். சேமித்தாயிற்று என்று வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து துப்பாக்கியை எடுத்தால் பழைய கதைதான்.

லிவியுவைக் கேட்டேன். "நான் தொடவே இல்ல மச்சான்" என்றான். முகத்தைப் பார்த்தால் தொட்டவன் முகம்.

இந்த ஏற்பாடு முழுக்க அவனுடையது என்பதையும் எழுதிவைக்கிறேன், பிறகு நியாயம் பேசும்போது வேண்டியிருக்கும். என் மனைவி ரோடிகாவின் தம்பி. இத்தாலியில் வேலை போய் இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் யாஷுக்குத் திரும்பி வந்தவன். எங்கள் கூடத்து சோபாவில் படுத்துக்கொள்கிறான். அந்தக் காலத்து வீடியோ கேம் துப்பாக்கி பெட்டி டிவியில்தான் வேலை செய்யும், இப்போதைய தட்டை டிவியில் செய்யாது. அதனால் கை அசைவை உணரும் கன்ட்ரோலர் ஒன்றை பிளாஸ்டிக் துப்பாக்கிக்குள் பொருத்தினான். டிவிக்குக் கீழே ஒரு பட்டை, அதன் இரு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு. துப்பாக்கி அந்த விளக்குகளைப் பார்த்து, எங்கே குறிவைத்திருக்கிறோம் என்று கணக்குப் போடும். லேப்டாப்பில் பழைய வீடியோ கேம்களை ஓட்டும் எமுலேட்டர், அதில் அந்த ரயில் கொள்ளை ஆட்டம். மே பத்தாம் தேதி கலாச்சார மன்றத்தில் ஜோடிப் போட்டி. பெயர் கொடுத்துவிட்டோம்.

இருபத்து மூன்று வருடமாக டிராம் ஓட்டுகிறேன். என் கையையும் கண்ணையும் குறை சொல்ல எவனுக்கும் இதுவரை வாய் வந்ததில்லை. குறை அந்தப் பட்டையில்தான்.

பிப்ரவரி 12, புதன்

வெயில்தான் காரணம். இணையத்தில் படித்தேன், சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு உண்டாம், துப்பாக்கி குழம்பிப் போகுமாம். ஜன்னல் திரைகளை எல்லாம் இழுத்து மூடினேன்.

பேக்கரியிலிருந்து வந்த ரோடிகா வாசலிலேயே நின்றாள். "பட்டப்பகல்ல இருட்டாக்கி வச்சிருக்கியே, வீட்ல யார் செத்தாங்க?"

பிப்ரவரி 13, வியாழன்

வெயிலே இல்லை. பனி கொட்டுகிறது. இடப்பக்கம்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பேட்டரி மாற்றினேன். பட்டையைத் தூக்கி டிவிக்கு மேலே வைத்தேன், எமுலேட்டரிலும் 'மேலே' என்று மாற்றினேன். சோபாவிலிருந்து திரை வரை அளந்தால் இரண்டு மீட்டர் நாற்பது. நிற்க வேண்டிய இடத்தில் தரையில் டேப் ஒட்டினேன். கை நடுக்கத்தைக் குறைக்கும் அளவை ஒவ்வொரு புள்ளியாக ஏற்றி இறக்கிப் பார்த்தேன். கடைசியில், கடவுளே, பத்துக்குப் பத்து! என் கைக்குக் கச்சிதம்.

லிவியு வாங்கிச் சுட்டான். அவனுக்கு எல்லாம் வலப்பக்கம் போயிற்று.

"நீ சரி பண்ணா எனக்கு வலது பக்கம் ஓடுது, நான் சரி பண்ணா உனக்கு இடது பக்கம் ஓடுது. மெஷின் நமக்குள்ள சிண்டு முடிஞ்சி விடுதா மச்சான்?" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரியாதவன் மெஷினைக் குறை சொல்கிறான். சாயங்காலம் ரோடிகா தரை துடைக்கும்போது டேப்பையும் பிய்த்துப் போட்டாள். அதற்கு ஒரு சண்டை.

பிப்ரவரி 20, வியாழன்

கடைசி நிறுத்தத்தின் வளைவில் வலது பக்கக் கண்ணாடி கம்பத்தில் உரசியது. கீறல்தான். கம்பம் சாய்ந்திருக்கிறது, யாருக்கும் அதை நிமிர்த்தத் துப்பில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

பிடித்துவிட்டேன்! அளவுகள் சேமித்திருக்கும் ஃபைலைத் திறக்காமலே தேதியைப் பார்த்தேன். வெள்ளி காலை 11:06. அந்த நேரத்தில் நான் மலை இறக்கத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

லிவியுவின் முன்னால் லேப்டாப்பைத் திருப்பி வைத்தேன். "ஆமா, மாத்தினேன்" என்றான். "உன் அளவுல ஒரு யானையைக்கூட என்னால சுட முடியல. நானும் பழகணுமில்ல?"

"தொடலைன்னு எத்தனை தடவை சொன்ன? எத்தனை தடவை!"

"சொன்னா நீ கத்துவ. அதான் சொல்லல."

கத்தினேன். திருடன் என்றேன். பொய்யன் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "இத்தாலியில துரத்தி விட்டாங்க, இங்க வந்து என் சோபாவுல மல்லாந்து கிடந்துகிட்டு என் கையிலயே குறை சொல்றியா?" என்றேன்.

அவன் பையை எடுத்தான். சார்ஜரை மறந்துவிட்டுப் போய், திரும்பி வந்து, யாரையும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான். ஊரின் மறுபக்கம் தத்தராஷ் பேட்டையில் ஒரு சிநேகிதன் வீடு இருக்கிறதாம்.

என் பக்கம்தானே நியாயம்? தொட்டான், மறைத்தான். ரோடிகா ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாள்?

பிப்ரவரி 26, புதன்

அவன் போய் மூன்று நாள். யாரும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே வைத்த அளவு.

இடப்பக்கம். முன்னைவிட அதிகம்.

துப்பாக்கியை சோபாவில் வீசினேன். குண்டு வைக்கும் பகுதியின் மூடி தெறித்து ரேடியேட்டருக்குப் பின்னால் விழுந்துவிட்டது.

மார்ச் 1, சனி

வசந்தம் பிறக்கும் மார்ச் முதல் தேதிக்குப் பெண்களுக்குக் கொடுக்கும் சிவப்பு வெள்ளை நூல் வாங்கிப் போனேன். எல்லா வருடமும் ரோடிகா அப்போதே சட்டையில் குத்திக்கொள்வாள். இன்று மேசை டிராயரில் போட்டு மூடினாள்.

"முதல்ல என் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லு. அப்புறம் எனக்கு நூல் குடு."

"அவன் பொய் சொன்னான்."

"பொய் சொன்னான் சரி. குறி ஏன் ஓடுது? இப்ப அவன் இல்லையே. நானா தொட்டேன்? இங்க குடு."

இந்த வீட்டில் இத்தனை மாதத்தில் ஒரு நாளும் அதைத் தொடாதவள், மாவு படிந்த கையோடு துப்பாக்கியை வாங்கிக்கொண்டு என் இடத்தில் நின்றாள். சோதனைத் திரையில் கட்டங்கள் வரும், நடுப்புள்ளியைச் சுட வேண்டும். பத்து தடவை சுட்டாள். பத்தும் ஒரே இடத்தில் கொத்தாக விழுந்தன. புள்ளிக்கு வலப்பக்கம், ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி.

"லிவியுக்கும் இங்கதானே விழுந்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"ரெண்டு பேருக்கு ஒரே இடத்துல விழுது. உனக்கு மட்டும் வேற. அப்ப யாருகிட்ட கோளாறு?"

"நீ வாழ்க்கையில துப்பாக்கி பிடிச்சதே இல்ல!"

"அதனாலதான் சொல்றேன்" என்று கையில் கொடுத்துவிட்டு சமையலறைக்குப் போய்விட்டாள். எவ்வளவு திமிர். சாப்பிடாமல் எழுந்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

அவள் மாதா கோயிலுக்குப் போயிருந்தபோது சோதனைத் திரையைப் போட்டேன். இணையத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: எந்தக் கண்ணால் குறிபார்க்கிறோமோ அதைப் பொறுத்துக் குறி நகரும், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள் என்று.

வலது கண்ணை மூடினேன். கட்டங்கள் நேராக இருந்தன. புள்ளி சிவப்பு.

இடது கண்ணை மூடினேன்.

கோடுகள் நடுவில் வளைகின்றன. தண்ணீருக்கு அடியில் கிடப்பது போல. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம், காசு அளவுக்கு. கண்ணைத் தேய்த்தேன். கழுவிவிட்டு வந்தேன். டிவியை அணைத்துப் போட்டேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன் — முள் இல்லை. எண்கள் இருக்கின்றன, முள் இல்லை.

நான் இவ்வளவு நாளாக வலது கண்ணால்தான் குறிபார்த்தேன். அது கைவிட்டதும் இடது கண் எனக்குத் தெரியாமலே வேலையை ஏற்றுக்கொண்டிருக்கிறது. குறி இடப்பக்கம் போகாமல் என்ன செய்யும்?

ரெண்டு கண்ணும் திறந்திருந்தா எல்லாம் நல்லாத்தான் தெரியுது. அது போதும். போதாதா?

மார்ச் 3, திங்கள்

ஓட்டினேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஓட்டினேன். சொன்னால் அன்றைக்கே இறக்கிவிடுவார்கள். இன்னும் பதினெட்டு வருடம் இருக்கிறது ஓய்வுக்கு. எனக்கு வேறு என்ன தெரியும்?

மார்ச் 5, புதன்

ஓட்டினேன். ரோடிகா, "ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றாள். அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

மார்ச் 6, வியாழன்

ஓட்டினேன்.

கோபோவ் மலை இறக்கம். குளிர்காலத்தில் சாலையில் போட்ட மணல் இன்னும் கிடக்கிறது. பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது, காற்றடித்து இடது கண்ணில் மணல் விழுந்துவிட்டது. கண் தானாக மூடிக்கொண்டது, தண்ணீர் கொட்டியது. வலது கண் மட்டும்தான்.

முன்னால் நடைபாதைக் கோடுகளில் ஒரு காய்கறிப் பை நகர்ந்து போகிறது. பைக்கு மேலே ஒரு பெண்ணின் கோட்டு. கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை. தலையே இல்லை. அடுத்த நொடி கோட்டும் இல்லை.

அவசர பிரேக்கை இழுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, நான்தான் மிதித்துக்கொண்டிருந்தேன் போல. உள்ளே ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது அந்தப் பெண் எதிர்ப்பக்கம் ஏறி, பையைக் கை மாற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இடையில் நாலு அடி இருந்திருக்கும்.

பின்னாலிருந்து ஒருவர், "ஏன்யா, குடிச்சிட்டா ஓட்டுற?" என்று கத்தினார். கத்தட்டும் என்று விட்டேன். அதைவிட மோசமானதைத்தான் மூன்று நாளாகச் செய்திருக்கிறேன்.

ரேடியோவை எடுத்தேன். "எமில் பேசுறேன். மாத்து ஆள் அனுப்புங்க."

"வண்டியில என்ன கோளாறு?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கண்ணு தெரியல."



மார்ச் 12, புதன்

டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதாம். சுவரில் ஒட்டிய காகிதம் ஓதத்தில் உப்பிக்கொண்டு நிற்பது போல இருந்தது. வலி இருக்காதாம். இன்னொரு கண் சமாளித்துக்கொள்வதால் பலருக்குத் தெரியவே தெரியாதாம். சில மாதத்தில் தானே வற்றலாம், வற்றாமலும் போகலாம். அதுவரை வண்டி கூடாது.

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார். கொள்ளைக்காரர்களைச் சுட்டு என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"மன அழுத்தம் உள்ளவங்களுக்கு இது அதிகமா வரும். நீங்க ரொம்பக் கோபப்படுவீங்களா?"

"இல்ல" என்றேன்.

பக்கத்து நாற்காலியில் ரோடிகா வெடித்துச் சிரித்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அவள் சிரித்தாள். நிறுத்தவே முடியவில்லை அவளால். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார்.

மார்ச் 15, சனி

தத்தராஷுக்கு நடந்தே போனேன். டிராமில் ஏறப் பிடிக்கவில்லை. துப்பாக்கியும், ரோடிகா கொடுத்த பாலாடைக்கட்டிப் பலகாரமும் பையில் இருந்தன.

லிவியு கதவைத் திறந்துவிட்டு வழியை மறைத்துக்கொண்டு நின்றான். கண்ணைப் பற்றி அக்கா சொல்லிவிட்டாளாம்.

"மாத்தினதை மறைச்சது என் தப்பு" என்றான். "ஆனா நீ சோபாவைப் பத்திச் சொன்னியே—"

"தெரியும்டா."

"தெரியாது. என்னைத் துரத்தல மச்சான். கிடங்கையே மூடினாங்க. நூத்திப் பத்து பேரு. கடைசி நாள் சாவி என் கையில இருந்துச்சு, எல்லாரையும் வெளிய அனுப்பிட்டுப் பூட்டினது நான். அதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல."

என்னை மன்னிச்சிடு என்றேன். இந்த வார்த்தையை நான் கடைசியாக எப்போது சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. வாயில் கோணலாக வந்தது. அவன் பையை வாங்கிப் பலகாரத்தை முதலில் எடுத்தான். "இது எதுக்கு மூடி இல்லாம இருக்கு?" என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தான்.

சோபாவுக்குத் திரும்பி வர மாட்டானாம். சந்தையில் வேலை கிடைத்திருக்கிறது. சனி, ஞாயிறு பழக வருவான்.

மார்ச் 29, சனி

வலது கண்ணில் துணியைக் கட்டிக்கொண்டு, இடது கண்ணுக்கு மட்டும் குறி சரிசெய்தோம். எனக்கு ஒரு அளவு, லிவியுவுக்கு ஒரு அளவு, தனித்தனியாகச் சேமித்தான். எமுலேட்டரில் அதற்கு வசதி முதலிலிருந்தே இருக்கிறது.

"இதை முதல் நாளே செஞ்சிருந்தா சண்டையே வந்திருக்காது" என்றான்.

"செஞ்சிருந்தா நான் இன்னும் ஓட்டிக்கிட்டு இருப்பேன்" என்றேன்.



ஏப்ரல் 8, செவ்வாய்

டிப்போவில் தொலைந்த பொருள் அறையில் போட்டிருக்கிறார்கள். நாற்பத்தொரு குடை. ஒரு பல்செட். அதைக் கேட்டு வந்தவர் போட்டுப் பார்த்துவிட்டு, தன்னுடையது இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்துக்கு, கண்ணுக்குள் நீர் கொஞ்சம் வற்றியிருந்தாலும் மறுபடி ஊறியிருக்கும்.

ஏப்ரல் 16, புதன்

பாதி வற்றியிருக்கிறது. நடுவில் ஒரு தழும்பு இருக்கும் போலிருக்கிறது என்றார் டாக்டர். ஓட்டுவதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

லிவியு வந்தான். ஈஸ்டர் வழக்கப்படி ஆளுக்கொரு அவித்த முட்டையை எடுத்து மோதியதில் என்னுடையதுதான் உடைந்தது. மூன்று தடவையும்.

மே 10, சனி

பாக்கௌ ஊரிலிருந்து வந்த அக்கா தங்கை இருவரிடம் தோற்றோம். ஒரே நிறத்தில் கம்பளிச் சட்டை, அறுபது வயதுக்குக் குறையாது. எங்களைப் பார்த்து, "தம்பிகளா, மெதுவா" என்றார்கள். அரையிறுதியில் இரண்டு கொள்ளைக்காரர்கள் வித்தியாசம். அந்த இரண்டையும் விட்டவன் லிவியு! என் கணக்கில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

டிராமில் திரும்பினோம். கடைசி இருக்கையில் உட்கார்ந்து வழி முழுக்க அவனைத் திட்டினேன்.

"ரெண்டு கண்ணை வச்சிக்கிட்டு என்னடா பார்த்துக்கிட்டு இருந்த?"

"கத்தாத மச்சான், டாக்டர் சொன்னதை மறந்துட்டியா?"

"டாக்டர் உன் ஆட்டத்தைப் பாத்திருந்தா அவரே கத்தியிருப்பாரு!"

அவனும் பதிலுக்குக் கத்தினான். துப்பாக்கியைக் கீழே தாழ்த்திப் பிடிக்கிறேனாம் நான். நானா!

ஒலிபெருக்கியில் ஓட்டுநர் பெண்ணின் குரல் வந்தது. "கடைசி சீட்டுல ரெண்டு பேரும் சத்தத்தைக் குறைங்க. இல்லேன்னா அடுத்த நிறுத்தத்துல இறக்கி விட்டுருவேன்."

லிவியு என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஓட்டுகிறவர் சொன்னால் கேட்க வேண்டும்.