யார் யாருக்குப் போட்டார்கள்

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறேனே என்று முழிக்காதே. நீ கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்ட பதில் ஒன்று எனக்கு வேண்டும்.

எங்கள் கல்லூரி மாணவர் தேர்தல் முடிந்தது. நீ செய்து கொடுத்த இணைய ஓட்டுப் பக்கம் ஓரிடத்திலும் மக்கர் பண்ணவில்லை. பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தபடியே போனில் போட்டார்கள். அதற்கு முன்னால் வகுப்பு வகுப்பாகப் போய், "யாருக்குப் போட்டீங்கன்னு எனக்கும் தெரியாது, முதல்வருக்கும் தெரியாது. தைரியமாப் போடுங்க" என்று சொன்னவள் நான்தான். விடைத்தாளைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்று கேட்டு நின்றாளே, அந்தப் பெண் அறுபத்தோரு ஓட்டில் ஜெயித்துவிட்டாள். அலுவலகத்தில் அவளுக்குக் 'கேள்விக்குறி' என்று பெயர்.

இன்று முதல்வர் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. "மூணாம் வருஷத்துல அவளுக்கு யார் யார் போட்டாங்கன்னு லிஸ்ட் வேணும். உங்க தம்பிதானே செஞ்சது?" என்றார். பிள்ளைகளின் அகமதிப்பெண் அவர் கையில் இருக்கிறது, பட்டியல் கிடைத்தால் கை வைத்துவிடுவார். "முடியாது சார்" என்றேன். "நீங்க சொன்னா போதாது. அவரையே எழுதித் தரச் சொல்லுங்க."

நிஜமாகவே முடியாதுதானே?

அக்கா

மார்ச் 8

அன்பு அக்காவுக்கு,

இதை அப்படியே அவரிடம் காட்டு. ஓட்டு ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். இரண்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. நானே நினைத்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்து கவலைப்படுவாய், எனக்குத் தெரியும். வேண்டாம்.

தம்பி

மார்ச் 10

அக்கா,

முந்தின கடிதத்தை அவரிடம் இன்னும் காட்டவில்லை என்றால் கிழித்துப் போடு.

தபாலில் சேர்த்த பிறகு மனசு கேட்காமல் அந்த ஓட்டுப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். யார் எந்த நொடியில் உள்ளே வந்தார்கள் என்று ஒரு பட்டியல் பதிவாகியிருக்கும். ஒவ்வோர் ஓட்டும் எந்த நொடியில் விழுந்தது என்று இன்னொன்று. சோதனைக்காக வைத்தேன், எடுக்க மறந்துவிட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாரும் சொல்லிவிடலாம். போனில் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டும் உன் கணினியில்தான் இருக்கின்றன. நேரங்களை அழித்துவிடு. யாரிடமும் மூச்சு விடாதே. இதே பக்கத்தை இன்னும் நான்கு கல்லூரிகள் வாங்கியிருக்கின்றன. வெளியே தெரிந்தால் என் பிழைப்பு அவ்வளவுதான்.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

உன் முதல் கடிதத்தை அதற்குள் காட்டிவிட்டிருந்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு இழுப்பறையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது கடிதம் வந்தது. நேரங்களை அழித்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வராந்தாவில் பிள்ளைகள் வணக்கம் சொன்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கூடத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். "நான் சொன்னது தப்பு. பாத்திருக்க முடியும். யாரும் பாக்கல. இனிமே முடியாது."

பின்வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான். "நீங்க பாக்கலன்னு எப்படி நம்புறது?"

முதல்வர், "யாரைக் கேட்டு அழிச்சீங்க?" என்றார். என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காகித ஓட்டில் மறுதேர்தல் நடந்தது. கேள்விக்குறி ஒன்பது ஓட்டில் தோற்றாள். பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்து, "நீங்க வாயத் திறக்காம இருந்திருந்தா நான் ஜெயிச்சவ மேடம்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். அவள் ஏறிய பேருந்தில் நான் ஏறவில்லை.

பத்து நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கு கல்லூரிகளுக்கும் சொன்னாயா? இந்த மாதக் கடைசிவரை பொறுப்பேன். பிறகு நானே எழுதுவேன். உன் பெயரையும் சேர்த்து.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

நீ மிரட்டுகிறாய் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் உன் கடிதத்தின் பக்கமே போகவில்லை. பிறகு நான்கு கல்லூரிகளுக்கும் மின்னஞ்சலில் எழுதினேன். இரண்டு கல்லூரிகள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டன. ஒன்று பதிலே போடவில்லை.

நான்காவது இடத்திலிருந்து ஓர் ஆசிரியை கூப்பிட்டார். அங்கே யாரோ பட்டியல் எடுத்துவிட்டார்களாம். அதை வைத்து ஏழு பிள்ளைகளை விடுதியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். எப்போது என்று கேட்டேன். மார்ச் இருபது என்றார்.

எனக்குப் பத்தாம் தேதியே தெரியும், அக்கா.

அந்த ஏழு வீட்டு விலாசமும் வாங்கியிருக்கிறேன். நாளைக்கு முதல் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்வது என்று தெரியவில்லை. உன்னால் வர முடியுமா?

தம்பி