கனடாவுக்குப் போக நாலு பேர்

வட்டக்கச்சி
20.1.1962

என் அன்பான அம்மாவுக்கு, விமலா எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் போடுகிறீர்களா? நான் சுகம்.

கனடாவில் கோதுமை விளைகிற ஊரொன்றின் மாதர் சங்கம், நான் உத்தியோகமாகப் பார்க்கும் இந்த ஊர் மாதர் சங்கத்துக்கு ஒரு தையல் மெசின் அனுப்பியிருக்கிறது. "உங்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புகிறோம். இன்னும் என்ன தேவை?" என்று கடிதமும் வந்தது. அதைக் கூட்டத்தில் தமிழில் வாசித்தேன். தலைவி பத்மாசனியக்கா உடனே கேட்டார்:

"அவையின்ரை அருவி வெட்டு எப்ப, பிள்ளை? நாங்கள் நாலு பேர் போகவேணும்."

இங்கே அருவி வெட்டுக் காலத்தில் ஒருவருடைய நெல்லை மற்றவர்கள் வந்து அறுத்துக் கொடுத்தால், அவர்கள் வயலுக்கு இவரும் போகவேண்டும். கூலி கிடையாது. கனடா கடலுக்கு அப்பால், அங்கே மெசின்தான் அறுக்கிறது என்றேன்.

"அப்ப சேந்து வேலை செய்வமெண்டு ஏன் எழுதினவை?"

கனடாவுக்கு அனுப்பவேண்டிய தேவைப் பட்டியல் வெறுமையாகக் கிடக்கிறது. கந்தோரில் மேலதிகாரிகள் அவசரப்படுத்துகிறார்கள். நான் என்னத்தை எழுத?

போன கிழமை எனக்குச் சின்னக் காய்ச்சல். பயப்படாதீர்கள், மாறிவிட்டது. நாலு நாளும் இந்தப் பெண்கள்தான் முறை வைத்துக் கஞ்சி காய்ச்சித் தந்தார்கள். நன்றி சொன்னேன். அதற்குப் பத்மாசனியக்கா, "மாசியிலை வெட்டு, பிள்ளை. மறந்திடாதையுங்கோ" என்றார்.

நான் ஒரு கதிர்கூட அறுத்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். தபால்காரர் வாசலில் நிற்கிறார். மாசிக்கு முன் எங்கள் ஐயாவின் சின்ன அரிவாளைத் தீட்டி, உங்கள் பழைய சேலை ஒன்றில் சுற்றி அனுப்புங்கள். சேலையைத் திருப்பித் தரமாட்டேன்.

உங்கள் மகள்,
விமலேஸ்வரி