மஞ்சள் மழைக்கோட்டின் கை

மச்சான், உன் மஞ்சள் மழைக்கோட்டு நம் போட்டோக் கடையின் பின்கதவில் தொங்குகிறது. கீழே வைத்த வாளியில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது. ரப்பரும் சேறும் கலந்த அந்த வாடை கடை முழுக்க நிறைந்திருக்கிறது. காலையில் படத்துக்குச் சட்டம் போட வந்த டீச்சர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நானா, கடைக்குள்ள ஆடு கட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். "ஆடு இல்ல டீச்சர், என்ட கூட்டாளி" என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

போன வருஷம் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோன பிறகு அந்தக் கோட்டை யாரும் தொடவில்லை. நேற்று நான் போட்டேன். நேற்று உன் மகள் தர்ஷிக்குக் கல்யாணம்.

கொஞ்ச நாள் முன்னால் அவள் கடைக்கு வந்தாள். "மாமா, வெளிய புல்தரையில எடுக்கிற படம் மழை பெஞ்சாலும் வெளியதான். உள்ள வேணாம்" என்றாள். மழை, சேறு, பட்டுச்சேலை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். "ஊர்ல உள்ள பொண்ணுங்களுக்கெல்லாம் எங்கப்பா மழையில நின்னு லைட் புடிச்சாரு. எனக்கு மட்டும் மண்டபத்துச் சுவரா?" என்று கேட்டுவிட்டாள். வாடிக்கையாளரிடம் முடியாது என்று சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது, உனக்குத் தெரியும். அவளிடம் மட்டும் "சரி மகள்" என்றுவிட்டேன். அன்றிலிருந்து நான் வியாபாரம் பார்த்தேனோ இல்லையோ, வானத்தைப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் பேட்டரி விற்று மேலே வந்தவன் நான். ஈரம் பட்டால் எது கெடும், எது ஆளையே அடிக்கும் என்று பழகித் தெரிந்தவன். தண்ணீரும் கரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் முதலில் சுவிட்சைத் தேடி ஓடுவேன். நீ அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பாய்.

கலேவெலக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? அந்தக் காய்ந்த ஊரில் மழையாவது என்று தைரியமாகத் தோட்டத்தில் விளக்குகளை நட்டோம். ஒரு ஃப்ளாஷ் அடித்தால் மற்றவை அதைப் பார்த்துத் தாமாக அடிக்கும்படி வைத்திருந்தோம். மழை மட்டுமா வந்தது, மின்னலும் வந்தது. வானத்தில் ஒன்று வெட்டினால் நம் விளக்கெல்லாம் சேர்ந்து வெட்டும். மாப்பிள்ளையின் பெரியப்பா என்னிடம் வந்து, "தம்பி, ஆளே நிக்கல்ல, யாரை எடுக்கிறீங்க?" என்று கேட்டார். எனக்கு அழுகை வராத குறை. நீ ஓரமாக நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

இடி ஓய்ந்ததும் தூறலில் ஜோடியை நிறுத்தி முன்னாலிருந்து விளக்கடித்து எடுத்தேன். துளியெல்லாம் வெள்ளைப் புள்ளியாக விழுந்து, மணமகள் முகத்தில் அம்மை போட்ட மாதிரி இருந்தது. நீ எட்டிப் பார்த்து, "மழைக்கு முன்னாடி வெளக்க வைக்காத மச்சான், பின்னாடி வை" என்றாய். ஃப்ளாஷைப் பொலித்தீன் பையில் சுற்றி இறுக்கினாய். ஜோடியின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேற்றில் குந்திக்கொண்டாய். "வழுக்கும்டா, நனைஞ்சிடும்டா" என்று நான் கத்த, அங்கேயிருந்து உன் குரல் வந்தது: "பயப்படுறது ஒன்னோட வேலை. நனையுறது என்னோட வேலை. அடி!"

அடித்தேன். இரண்டு பேரையும் சுற்றி மழை தனித்தனித் துளியாக ஒளிர்ந்தது. அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் நம்மைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

ஒரு குறைதான். எந்தப் படத்திலும் மணமகளின் இடுப்புக்குப் பக்கத்தில் உன் கோட்டின் மஞ்சள் கை கொஞ்சம் எட்டிப் பார்க்கும். "கறுப்புக் கோட்டு வாங்குடா" என்று எத்தனை தரம் திட்டியிருப்பேன். "கறுப்பு போட்டா நீ மழை இருட்டுல என்ன மிதிச்சிட்டுப் போயிடுவ" என்பாய். நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து உன்னை அழிப்பேன். நீ பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டே, "வலிக்காம அழி" என்பாய்.

நேற்றைக்கு வருகிறேன். பலாபத்வலயில் தோட்டம் வைத்த மண்டபம். தாலி உள்ளே நல்லபடியாகக் கட்டியாயிற்று. சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போதே மலைப்பக்கம் கறுத்தது. மழை இறங்கியதும் நான் செய்த முதல் வேலை, புல்லில் கிடந்த அலங்கார விளக்கு வயர்களின் மெயின் சுவிட்சை அணைக்க வைத்ததுதான். மண்டப மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும்.

பிறகு இடி. தர்ஷி வாசல் கூரைக்கு அடியில் மாப்பிள்ளையோடு நின்றாள். "இப்ப போகலாமா மாமா?" என்றாள். "இடி நிக்கட்டும் மகள்." மாப்பிள்ளையின் அம்மா, "புதுப்பொண்ணு நனைஞ்சா காய்ச்சல் வரும்ங்க. உள்ள ரெண்டு படம் எடுத்து முடிச்சிடுங்களேன்" என்றார். நியாயமான பேச்சு. உள்ளே எடுத்தால் எனக்கும் நிம்மதி. ஒவ்வொரு மின்னலுக்கும் வாய்க்குள் துஆ ஓதினேன். தர்ஷி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ இருந்தால் போகலாமா வேண்டாமா என்று நீ சொல்லிவிடுவாய். நான் பயப்பட்டால் மட்டும் போதும்.

இடி அலுவிகாரைப் பக்கம் தள்ளிப் போய், அப்புறம் கேட்கவே இல்லை. மழை மட்டும் நின்று பெய்தது. "வா மகள்" என்றேன். கண்ணாடிக் குடையோடு இரண்டு பேரும் இறங்கினார்கள். ஸ்டாண்டில் கட்டிய ஃப்ளாஷைப் பின்னால் நட்டுவிட்டுக் கேமராவுக்குத் திரும்புகிறேன், ஒரு காற்று. ஸ்டாண்ட் மணல் மூட்டையோடு சாய்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். விளக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இனி அதை மண்ணை நம்பி விட முடியாது, ஒரு ஆள் பிடிக்க வேண்டும்.

கேமராவை நம் கடையில் வேலை செய்யும் நுவனிடம் கொடுத்தேன். அவன் என்னைவிட நன்றாக எடுப்பான், அதை அவனிடம் சொல்வதில்லை. வேனில் கிடந்த உன் கோட்டைப் போட்டுக்கொண்டு, உன் மகளின் முதுகுக்குப் பின்னால் போய்க் குந்தினேன். முழங்கால் சேற்றில் புதைந்தது. கழுத்து வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியது. ஃப்ளாஷை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

திரும்பாமலே கேட்டாள்: "மாமா, நனையுறீங்களா?"

"அது என்ட வேலை. நீ சிரி."

நுவன் அடித்தான். திரும்பத் திரும்ப அடித்தான். கூரைக்கு அடியில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

உள்ளே வந்து துடைத்துக்கொண்டு கேமராவின் சின்னத் திரையில் பார்த்தோம். மழை ஒளிர்ந்தது, முகத்தில் ஒரு புள்ளி இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவே, "நல்லாத்தான் இருக்கு" என்றார். நுவன் ஓரத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். தர்ஷியின் இடுப்புக்குப் பக்கத்தில் மஞ்சளாகக் கொஞ்சம் கை. "இத அழிச்சிடுறேன்" என்றான்.

தர்ஷி திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மை கரைந்து கன்னத்தில் இறங்கியது. கண்ணுக்கு மை போட்டவர் பதறிக்கொண்டு பஞ்சோடு ஓடி வந்தார். "அந்தக் கை இருக்கட்டும்" என்றாள்.

காலையில் அந்தப் படத்துக்குத்தான் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன், டீச்சர் வந்தபோது. மத்தியானம் பழைய கல்யாணப் படங்களின் நான் எதையும் அழிக்காத பிரதிகளைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் இருக்கிறாய். அவற்றைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

அடுத்த கல்யாணமும் வெளியில்தான். இப்போதே தெருவில் தூறுகிறது, பயப்பட ஆரம்பித்துவிட்டேன். கோட்டு காயட்டும். இனி இரண்டு வேலையும் என்னுடையது.